ஸ்பானிஷ் படிக்க எங்கே போகலாம்: சலமான்காவா, ஆண்டிகுவாவா, இல்லை வீட்டு மாடியா?

என்னிடம் பிரெஞ்சு படித்தவர்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது அடுத்து ஸ்பானிஷ் பக்கம் போகிறார்கள். போவதற்கு முன் வந்து ஆலோசனை கேட்பார்கள். உண்மையில் முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார்கள். "ஸ்பெயினுக்கே போயிடறேன் மேடம். மூணு மாசம் அங்கேயே இருந்தா தானா வந்துடும்ல?"

தானாக வராது. இதற்குச் சாட்சி தேடி விமானம் ஏற வேண்டியதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம கடற்கரைச் சாலையில் நடந்தால் போதும். பத்து வருடமாகப் புதுச்சேரியில் இருக்கும் வெளிநாட்டவர்கள் எத்தனையோ பேர். "எவ்ளோ", "போதும்", "வேணாம்" தாண்டித் தமிழ் வராது. ஆனால் முத்தியால்பேட்டையில் ஒரு குடும்பத்தோடு மாடியறை எடுத்துத் தங்கிய பிரெஞ்சுப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். ஏழாவது மாதம் மீன்காரம்மாவிடம், "நேத்து குடுத்த சங்கரா நல்லாவே இல்ல, இன்னைக்குக் கொறச்சுக் குடு" என்று சண்டைக்கு நின்றாள். எல்லோரும் இருந்தது ஒரே ஊரில்தான். இவள் இருந்த வீட்டில் மட்டும் யாருக்கும் ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

அதனால் "எந்த நாடு" என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஒரு நாளில் எத்தனை நிமிடம் நீங்களே வாய் திறந்து பேச வேண்டியிருக்கும் என்பது. கணக்கு எளிது. எட்டுப் பேர் வகுப்பு, நாலு மணி நேரம். பாதி நேரம் ஆசிரியர் பேசுவார், மீதி 120 நிமிடத்தை எட்டாக வகுத்தால் ஆளுக்கு 15 நிமிடம். அதே நாலு மணி நேரம் ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்றால் இரண்டு மணி நேரம் நீங்கள்தான் பேச வேண்டும், தப்பிக்க வழியில்லை. வகுப்புக்கு வெளியே எவ்வளவு பேசுவீர்கள் என்பது தங்கும் வீட்டைப் பொறுத்தது.

இரண்டாவது, விசாவும் போகிற வழியும். மூன்றாவது பணம். விளம்பரத்தில் போடும் வாரக் கட்டணத்தைச் சொல்லவில்லை, வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பி வரும்வரை ஆகும் மொத்தச் செலவைச் சொல்கிறேன். நாலாவது, எதற்காகப் படிக்கிறீர்கள்: தேர்வுக்கா, வேலைக்கா, ஆசைக்கா? சாப்பாட்டை ஐந்தாவதாக வைக்கிறேன். சிரிக்காதீர்கள். மூன்றாவது வாரத்தில் ஆளை ஊருக்குத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதுதான்.

## ஸ்பெயின்

2023ல் நான் போனது சலமான்காவுக்கு. 1218ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 1492ல் ஸ்பானிஷ் மொழிக்கு இலக்கணம் எழுதி அச்சிட்ட நெப்ரிஹாவும் இங்கே படித்து, இங்கேயே பாடம் நடத்தியவர்தான். சின்ன ஊர், எங்கும் நடந்தே போகலாம். தெருவில் காதில் விழுவதெல்லாம் காஸ்தீலியப் பேச்சு, அதாவது ஸ்பெயினின் பொது ஸ்பானிஷ்.

பார்சலோனா ஆசை உள்ளவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே ஸ்பானிஷ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம், அறிவிப்புப் பலகை, பக்கத்து மேசைக்காரர்கள் தங்களுக்குள் பேசுவது என்று பலதும் கத்தலான் மொழியில் இருக்கும். தமிழ் படிக்க ஆசைப்பட்டு ஒருவர் யானத்திலோ மாஹேயிலோ போய் இறங்கினால் எப்படி இருக்கும்? அதுவும் புதுச்சேரி மாநிலம்தான், ஆனால் தெருவில் கேட்பது தெலுங்கும் மலையாளமும். பார்சலோனா அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும் முதல் தடவை போகிறவருக்கு அது வேண்டாம்.

தங்கும் வீட்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளி ஏற்பாடு செய்த முதல் வீட்டில் என்னோடு இன்னும் மூன்று மாணவர்கள், மூன்று நாட்டுக்காரர்கள். சாப்பாட்டு மேசையில் பொது மொழி ஆங்கிலம் ஆகிவிட்டது. வீட்டுக்கார அம்மா தட்டை வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார். ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீடு மாற்றித் தரச் சொன்னேன். மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். வீட்டில் வேறு மாணவர்கள் இருப்பார்கள் என்று முதலில் யாரும் சொல்லவே இல்லை.

இரண்டாவது வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். உருளைக்கிழங்கு முட்டை அடை செய்யும்போது என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அங்கே அதற்குப் பெயர் தோர்த்தியா. மெக்சிகோவின் சோள ரொட்டிக்கும் அதே பெயர்தான், ஆனால் இது முற்றிலும் வேறு. கிழங்கை மெல்லிசாக அரிந்து, ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாகாமல் மெதுவாக வேகவிட்டு, அடித்த முட்டையில் ஊறவைத்துச் சட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் வெந்ததும் சட்டி மேல் தட்டைக் கவிழ்த்து ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். நான் தயங்கி நிற்க, "தாலே லா புவெல்தா!" என்று பின்னாலிருந்து கத்துவார். திருப்பிப் போடு! ஏவல் வினை எனக்கு வந்தது அந்த அடுப்படியில்தான். வெங்காயம் போடலாமா கூடாதா என்பது அந்த நாட்டில் குடும்பமே இரண்டாகப் பிரியும் வழக்கு. அதில் நான் ஒரு பக்கம் சேர்ந்து வாதாடிய அன்று, ஸ்பானிஷில் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்தது.

சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் பன்றித் தொடை இறைச்சியைப் பொடியாக நறுக்கிப் போட்ட காய்கறி வரும். அது அவர்கள் கணக்கில் இறைச்சியில் சேராது. மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். குளிர் காலத்தில் போனால் கடலூர் உடம்புக்குத் தாங்காது.

விசா: 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா. கட்டணம் 90 யூரோ, அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. 90 நாளுக்கு மேல் என்றால் மாணவர் விசா. வாரம் 20 மணி நேர வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும், மாதத்துக்கு 600 யூரோ வீதம் கையிருப்பு காட்ட வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினால் போலீஸ் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் சேரும். ஆவணங்களை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்றி வாங்க வேண்டும். அது பக்கக் கணக்கில் விலை, விளம்பரத்தில் இருக்காது. சென்னைக்கு இரண்டு மூன்று நடை கட்டாயம்.

ஆறு வாரத்துக்கு எனக்கு எல்லாம் சேர்த்து மூன்றே முக்கால் லட்சம் ஆனது. இன்று யூரோ இருக்கும் விலையில் அது நாலைத் தாண்டிவிடும்.

ஐரோப்பாவில் மேற்படிப்பு, வேலை, டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு என்று திட்டம் இருப்பவர்களுக்கு ஸ்பெயின் சரி. நாலு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்களுக்கும் இதுதான் சரி, ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

## குவாத்தமாலா

மத்திய அமெரிக்காவில் இப்படி ஒரு நாடு இருப்பதே ஸ்பானிஷ் படிக்கும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. ஆண்டிகுவா என்ற பழைய ஊரில் ஸ்பானிஷ் பள்ளிகள் நிறைய. யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் 1979லேயே சேர்ந்த ஊர், சுற்றிலும் எரிமலைகள். அங்கே வழக்கமே ஒருவருக்கு ஒரு ஆசிரியர்தான். தோட்டத்தில் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி, நாலைந்து மணி நேரம். மேலே சொன்ன 15 நிமிடக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த கடலூர்ப் பெண் ஒருத்தி அங்கே எட்டு வாரம் இருந்துவிட்டு வந்தாள். முதல் வாரம் தினமும் வகுப்பு முடிந்ததும் தலைவலி வந்ததாம். "வாய் மூடி உட்கார ஒரு நிமிஷம் விட மாட்டேங்குறாங்க மேடம்." தங்கிய வீட்டில் மூன்று வேளையும் சோள ரொட்டி, கறுப்பு பீன்ஸ், முட்டை, வாழைக்காய் வறுவல், சில நாள் சோறு. சைவத்துக்கு ஸ்பெயினைவிட நூறு மடங்கு மேல் என்றாள். ஊறுகாய் மட்டும் தீர்ந்துபோனதில் வருத்தம்.

ஆண்டிகுவாவில் ஒரு குறை உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதிகம், காபிக் கடையில் ஆங்கிலத்திலேயே பதில் வரும். அதைத் தவிர்க்க நினைத்தால் ஷேலா என்று எல்லோரும் கூப்பிடும் கெட்சால்தெனாங்கோவுக்குப் போகலாம். 2,300 மீட்டர் உயரம், ஊட்டி மாதிரி குளிர், வெளிநாட்டவர் குறைவு. ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் மாயா மொழிகள்தான் தாய்மொழி. நாடு முழுக்க அப்படி இருபதுக்கு மேல் உண்டு.

இங்கே கற்கும் ஸ்பானிஷ் மாட்ரிடில் செல்லுமா என்று கேட்பார்கள். தாராளமாகச் செல்லும். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து "நீங்கள்" என்று சொல்ல ஒரு தனிச் சொல் இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை. அப்புறம் ஸ்பெயினில் உருளைக்கிழங்கு 'பதாதா', இங்கே 'பாப்பா'. கடலூர்த் தமிழ் பேசுகிறவர் திருநெல்வேலி போய் இறங்கின மாதிரிதான், இரண்டு நாளில் காது பழகிவிடும்.

சிக்கல் வழியில்தான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், தூதரகம் டெல்லியில். சென்னையிலிருந்து குறைந்தது இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டியிருக்கும். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தைவிட்டு வெளியே காலெடுத்து வைக்காவிட்டாலும் அமெரிக்க விசா இருந்தே ஆக வேண்டும். இது தெரியாமல் மலிவு டிக்கெட் வாங்கிப் பணத்தை இழந்த ஒருவர் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. ஐரோப்பா வழி என்றாலும், எந்த நிலையத்தில் மாறுகிறோமோ அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். இரவில் போய் இறங்குகிற மாதிரி நேரம் எடுக்காதீர்கள். தலைநகரிலிருந்து ஆண்டிகுவாவுக்குப் பள்ளியிடமே வண்டி சொல்லிவிடுவது நல்லது.

அங்கே வாரச் செலவு குறைவு, விமானச் செலவு அதிகம். என் கணக்கில் நாலு வாரத்துக்குள் என்றால் ஸ்பெயினுக்கும் இதற்கும் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, டிக்கெட்டே மிச்சத்தைத் தின்றுவிடும். ஆறு வாரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வாரமும் கையில் பணம் மிச்சம். அந்தப் பெண்ணுக்கு எட்டு வாரத்துக்கு நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஆனால் என் ஆறு வாரத்தில் நான் பேசியதைப்போல மூன்று மடங்காவது பேசியிருப்பாள்.

## மெக்சிகோ, கொலம்பியா

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் வஹாகா மாதிரி ஊரைப் பார்க்கலாம். சான் மிகெல் தே அய்யெந்தே அழகான ஊர், ஆனால் ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் நிறைந்தது. அங்கே போய்ப் படிப்பது புதுச்சேரி ஒயிட் டவுனில் தமிழ் படிப்பது போல.

கொலம்பியாவில் தலைநகர் போகோதாவின் பேச்சு தெளிவானது என்று பெயர். ஆனால் அங்கிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது, அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. பெரு, ஈக்வடாருக்கும் இதே விதி. குவாத்தமாலா, மெக்சிகோ, ஸ்பெயினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

## வீட்டிலிருந்தே

இதை ஏழைகளின் வழி என்று நினைக்க வேண்டாம். எங்கே போவதாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் இதுதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஒன்றுமே தெரியாமல் போகிறவர் முதல் மூன்று வாரத்தை "என் பெயர், என் ஊர், இது என்ன விலை" என்பதிலேயே செலவழிக்கிறார். அதைத் திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்தே படித்துவிடலாம், அதற்கு வாரம் அரை லட்சம் ஆகாது.

நேரமும் நமக்கு வாய்ப்பாக இருக்கிறது. குவாத்தமாலா நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே காலை எட்டு. அலுவலகம் முடித்து வந்து, தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் ஆசிரியரோடு இணையத்தில் தனி வகுப்பு எடுக்கலாம். பள்ளிகள் பலவும் இதைச் செய்கின்றன. ஸ்பெயின் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். டெல்லியில் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான செர்வாந்தேஸ் இருக்கிறது, டெலே தேர்வையும் நடத்துகிறது. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சியேலே என்ற இன்னொரு தேர்வின் சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும்.

இன்னொன்று, இங்கே படிக்கும்போது ஆங்கிலத்தின் வழியாகப் போகாதீர்கள், தமிழ் வழியாகக் காது கொடுங்கள். ஆங்கிலக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் 'மே குஸ்தா' நமக்கு வெறும் 'எனக்குப் பிடிக்கும்'. 'மே துவெலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது', அமைப்பும் அதேதான். 'நாதா' என்றால் 'ஒன்றுமில்லை'. அதில் வரும் 'த' நம்ம 'அது'வில் வரும் மெல்லிய 'த'. ஆங்கிலச் செயலிகளில் கற்றவர்கள் அதை 'நாடா' என்று அழுத்துவார்கள். மேசைக்கு ஸ்பானிஷிலும் 'மேசா'தான். போர்த்துகீசியர் நமக்கு விட்டுப்போன சொல், இரண்டு மொழியிலும் ஒன்று. கஷ்டம் எங்கே என்றால், அந்த மேசை பெண்பால். அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்க நமக்கு வராது. அப்புறம் 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். ரகரமும் றகரமும் பிரித்து உச்சரிக்கும் நாகர்கோவில்காரர்கள் பிழைத்தார்கள், நம்ம பக்கம் இரண்டும் ஒன்றாகி ரொம்ப நாளாயிற்று.

வீட்டுப் படிப்புக்கு மறைமுகச் செலவு, தளர்வு. வகுப்பு நடுவில் "தோசை ஆறுது" என்று குரல் வரும், கரண்ட் போகும், உறவினர் வருவார்கள். திரையை மூடியதும் ஸ்பானிஷ் முடிந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலானோர் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அப்போதுதான் கிளம்ப வேண்டும்.

## ஒரு பார்வைக்கு

| | ஸ்பெயின், சின்ன ஊர் | குவாத்தமாலா | வீட்டிலிருந்தே |
|---|---|---|---|
| வகுப்பில் பேசும் நேரம் | குறைவு, குழு வகுப்பு | மிக அதிகம் | அதிகம், ஆனால் வாரம் சில மணி நேரம்தான் |
| வகுப்புக்கு வெளியே | தங்கும் வீட்டைப் பொறுத்தது | ஆண்டிகுவா சுமார், ஷேலா நன்று | இல்லை |
| விசா, வழி | காகிதம் அதிகம், வழி எளிது | வழி சிக்கல் | இல்லை |
| எது மலிவு | நாலு வாரத்துக்குள் குவாத்தமாலாவோடு ஏறக்குறைய சமம் | ஆறு வாரத்துக்கு மேல் | எப்போதும் |
| சைவச் சாப்பாடு | கஷ்டம் | எளிது | அம்மா கையால் |
| யாருக்கு | ஐரோப்பியத் திட்டம், தேர்வு | பேச்சு வர வேண்டும் என்பவர் | எல்லோருக்கும், முதல் மூன்று மாதம் |

சென்னையில் லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை தேடுகிறவர்களுக்கு என் ஓட்டு குவாத்தமாலாவுக்கு. நான் போனது ஸ்பெயின் என்றாலும் சரி.

## பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு மொழியும்

புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மேலே எழுதிய விசாக் கதை எதுவும் பொருந்தாது. ஸ்பெயினில் போய் உட்கார்ந்து படிக்கலாம், வேலையும் பார்க்கலாம். குவாத்தமாலா, மெக்சிகோ, கொலம்பியாவுக்கும் முன்கூட்டி விசா வேண்டாம். அவர்களுக்கு நான் சொல்வது நேராக ஷேலாதான்.

பிரெஞ்சு மொழி மட்டும் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. வாசிப்பு ஒரே மாதத்தில் வந்துவிடும். ஆனால் வலையும் அங்கேதான் இருக்கிறது. 'நோம்ப்ரே' ஸ்பானிஷில் பெயர், பிரெஞ்சில் ஏறக்குறைய அதே சொல் எண்ணிக்கை. 'சலீர்' ஸ்பானிஷில் வெளியே போவது, பிரெஞ்சில் அழுக்காக்குவது. சலமான்கா வீட்டு அம்மா ஒரு நாள் மாலை "சலீமோஸ்?" என்று கேட்டபோது, எதை அழுக்காக்கிவிட்டேனோ என்று சமையல் மேடையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். அவர் செருப்பு மாட்டி, பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

## பணம் கட்டுவதற்கு முன்

பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதி நாலு விஷயம் கேளுங்கள். ஒரே வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? தங்கும் வீட்டில் வேறு மாணவர்கள் உண்டா, எத்தனை பேர்? வீடு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளக் கட்டணம் உண்டா? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பும்போதும் கிரெடிட் கார்டில் தட்டிவிடாமல், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி பிடிக்கும் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மின்னஞ்சலைத் தப்பும் தவறுமாக இருந்தாலும் ஸ்பானிஷிலேயே எழுதுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.